சார்ட் விழுகிறதா, வகுப்புத் தளம் திறக்கவில்லையா: அறிகுறி பார்த்துச் சரிசெய்ய

பல்லடத்துக்குத் தெற்கே, காற்றாலைகள் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் உள்ள ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். சுவரில் தொங்குவதையும், வகுப்புக்கென்று நடத்தும் வலைத்தளத்தையும் நானும் பிள்ளைகளும் சேர்ந்தே செய்கிறோம். வருசம் தவறாமல் அதே கோளாறுகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. பக்கத்துப் பள்ளி டீச்சர்கள் போனில் கேட்கும்போதெல்லாம் சொல்லி வந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

உங்கள் கோளாறு எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள். காசு செலவில்லாத காரணம் முதலில் இருக்கும், செலவு வைப்பது கடைசியில் இருக்கும். அந்த வரிசையைத் தாண்டாதீர்கள். சுவரைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் விதவிதமாக டேப் வாங்கியே ஒரு வருசத்தை ஓட்டியவள் நான்.

## சார்ட் ராத்திரியோடு ராத்திரியாக விழுந்துவிடுகிறது

காலையில் கதவைத் திறந்ததும் ஆயா சொல்வார்: "டீச்சருங்க, சார்ட்டு மறுக்கா உழுந்துருச்சுங்க." விழுந்ததை எடுத்து மறுபடி ஒட்டுவதற்கு முன் அதன் முதுகில் இருக்கும் டேப்பைத் திருப்பிப் பாருங்கள். காரணம் அதிலேயே தெரியும்.

### டேப்பில் வெள்ளை மாவு அப்பியிருக்கிறது

சுண்ணாம்புச் சுவர். உள்ளங்கையை வைத்து ஒரு தேய் தேய்த்தால் கை வெளுக்கும். டேப் பிடித்துக்கொண்டிருந்தது சுவரை அல்ல, சுவர்மேல் படிந்த மாவை. எவ்வளவு விலை கொடுத்து டேப் வாங்கினாலும் இந்தச் சுவரில் நிற்காது.

முதலில் ஒட்டும் இடத்தை மட்டும் ஈரத்துணியால் இரண்டு முறை துடைத்து, நன்றாகக் காயவிட்டு ஒட்டிப் பாருங்கள். ஒரு வாரம் தாங்கினால் அதுவே போதும். தாங்கவில்லை என்றால் ஒரு பங்கு ஃபெவிகாலில் மூன்று பங்கு தண்ணீர் கலந்து, டேப் வரும் இடங்களில் கையகலத்துக்குப் பிரஷ்ஷால் தடவி ஒரு நாள் முழுக்க விடுங்கள். மாவு இறுகிக்கொள்ளும், அதன்மேல் டேப் பிடிக்கும். அடுத்து வெள்ளையடிக்க வருகிறவரிடம் அந்த இடங்களைக் காட்டிவிடுங்கள். சுண்ணாம்பு அங்கே ஒட்டாமல் உரியும்.

இதற்கும் அசையாத சுவர் உண்டு. அங்கே டேப்பை மறந்துவிட்டு, மரக்கடையில் ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) வாங்கி சுவர் நீளத்துக்கு ஒரு வரிசை அடித்துவிடுங்கள். பிறகு சார்ட்டை எல்லாம் ரீப்பரில் போர்டு பின் குத்தி மாட்டினால் நிற்கும், சுவரைத் தொடவே வேண்டாம். எங்கள் வகுப்பில் காசு போட்டுச் செய்ததிலேயே உருப்படியானது இதுதான். ஆணி அடிக்கும் இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும், நேர் கீழேயும், அதே மட்டத்தில் இரு பக்கமும் சுவருக்குள் ஒயர் ஓடும். அங்கே ஆணி கூடாது.

### டேப் சுவரிலேயே இருக்கிறது, சார்ட் மட்டும் கழன்றிருக்கிறது

சுவர்மேல் குற்றமில்லை. டேப் மஞ்சளாகி மொறுமொறுவென்று இருந்தால் அது வெயிலில் காய்ந்துபோன செலோ டேப். மேற்குச் சுவர் சித்திரை, வைகாசியில் மாலை முழுக்கக் கொதிக்கும். டேப்பைச் சூட்டில் விடாமல் சார்ட்டை வேறு சுவருக்கு மாற்றுங்கள். லேமினேஷன் போட்ட சார்ட் என்றால் கனம் காரணம். நாலு மூலையில் ஒட்டியது போதாது, மேல் விளிம்பு முழுவதும் பிடிக்க வேண்டும். பழைய மாதக் காலண்டரின் தகரப் பட்டியைக் கழற்றி சார்ட்டின் தலையில் மடித்து அடித்தால் காலண்டர் போலவே ஓர் ஆணியில் தொங்கும். மார்கழி முடிந்ததும் ஊரில் எல்லார் வீட்டுப் பழைய காலண்டரையும் கொண்டுவரச் சொல்லிவிடுவேன். அம்முச்சி வீட்டில் இருந்துகூடப் பிள்ளைகள் கொண்டுவருவார்கள்.

### டேப் நசநசவென்று இருக்கிறது, சுவரில் உப்புப் பூத்திருக்கிறது

ஓதம். ஐப்பசி, கார்த்திகை மழையில் இது தெரியவரும். ஒரு முழச் சதுரத்துக்குப் பிளாஸ்டிக் காகிதம் ஒன்றை எடுத்து நாலு பக்கமும் காற்றுப் புகாமல் சுவரில் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். மறுநாள் காகிதத்தின் உட்பக்கம், அதாவது சுவரைப் பார்த்த பக்கம் வியர்த்திருந்தால் தண்ணீர் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் மட்டும் ஈரமென்றால் அறைக்குள் காற்றோட்டம் போதவில்லை, ஜன்னலைத் திறந்து வைத்தால் தீரும்.

உள்ளிருந்து வருகிறது என்றால் வெளியே போய் அதே சுவரின் மறுபக்கத்தைப் பாருங்கள். ஓட்டுத் தண்ணீர் சுவரடியில் விழுகிறதா, கை கழுவும் குழாய் அங்கே இருக்கிறதா, மண் மேடேறிச் சுவரைத் தொட்டு நிற்கிறதா? எங்கள் சுவர் மூன்று மழைக்காலம் அழுததற்குக் காரணம் வெளியே குவிந்திருந்த சல்லி மண்தான். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருந்த இரண்டு அப்பாக்கள் ஒரு சனிக்கிழமை வந்து மண்ணை வெட்டி எடுத்தார்கள். அடுத்த மழைக்குச் சுவர் காய்ந்தே நின்றது.

இவை எதுவும் இல்லாமலும் ஓதம் ஏறினால், அல்லது பூச்சு தட்டும்போது பொள்ளென்று சத்தம் கேட்டால் கொத்தனார்தான் பார்க்க வேண்டும். தலைமையாசிரியர் மூலம் எழுதிக் கொடுங்கள். அதுவரை அந்தச் சுவரடியில் பிள்ளைகளை உட்கார வைக்காதீர்கள். ஈரச் சுவரைத் தொட்டால் சுள்ளென்று இருந்தால் மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அதில் நாமாகச் செய்து பார்க்க ஒன்றும் இல்லை.

## காற்றில் படபடத்துக் கிழிகிறது

பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றுதான் பூளவாடி, கேத்தனூர் பக்கமெல்லாம் காற்றாலையைச் சுற்ற வைக்கிறது. ஆடியில் அதே காற்று நம் ஜன்னல் வழியாகவும் வரும். ஜன்னலைச் சாத்தி ஜெயிக்க முடியாது, வகுப்பு புழுங்கிவிடும்.

கிழிந்த இடம் எது என்று பாருங்கள். கீழ் மூலைகள் கிழிந்திருந்தால் கீழே கனம் இல்லை. கீழ் விளிம்பை ஒரு அங்குலம் மடித்து அதற்குள் தென்னை ஈர்க்குகளை நாலைந்தாகச் சேர்த்து நுழைத்து ஒட்டினால் சார்ட் விறைப்பாக நிற்கும். ஈர்க்குக்கு நம் பக்கத்தில் பஞ்சமில்லை. மேலே கட்டிய ஓட்டை கிழிந்திருந்தால், ஓட்டை போடும் இடத்தில் முன்னும் பின்னும் துணித்துண்டு ஒட்டிவிட்டுப் பிறகு ஓட்டை போடுங்கள். பனியன் கம்பெனிக் கட்பீஸ் இதற்கு ஆகாது, இழுக்க இழுக்க நீளும். காடா துணிதான் சரி. சோமனூர்ப் பக்கம் தறிக்குடோனில் கேட்டால் துண்டு கிடைக்கும்.

நடுவே கிழிந்தால் சார்ட் இருக்கும் இடமே தவறு. ஜன்னலும் கதவும் எதிரெதிரே இருந்தால் அந்த நேர்கோட்டில் எதையும் மாட்டாதீர்கள். செயல்வழிக் கற்றல் 2007-08இல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தபோது பிள்ளைகளின் படங்களைத் தொங்கவிடக் கட்டிய கம்பிப் பந்தல் இன்னும் சில வகுப்புகளில் இருக்கிறது. எங்களிடம் இருந்தது காற்றுப் பாதையில் குறுக்கே போனது. கம்பியை அவிழ்த்து காற்று போகும் திசைக்கு இணையாகத் திருப்பிக் கட்டினோம். பிள்ளைகளின் படங்கள் இப்போது காற்றில் ஆடுகின்றன, கிழிவதில்லை. கம்பியின் கொக்கி சுவரிலிருந்து பெயர்ந்து வருகிறதென்றால் அதை நீங்களே அடித்து இறுக்காதீர்கள். தலைக்கு மேலே இருப்பது அது, கொத்தனார் துளைபோட்டு முளை வைத்துக் கட்டட்டும்.

## நிறம் வெளிறிவிட்டது

இதயம் வரைந்த சார்ட் ஒன்று. நல்ல ரத்தத்துக்குச் சிவப்பு, கெட்ட ரத்தத்துக்கு நீலம். தை மாதம் பார்த்தபோது நீலம் இருந்தது, சிவப்பைக் காணோம். பாதி இதயம் வெறும் வெள்ளைத்தாள். சிவப்பும் ரோஸும் வெயிலுக்கு முதலில் போகும்.

சார்ட்டின் ஓரத்தில் ஒரு பகுதியைக் கறுப்புத் தாளால் மூடி இரண்டு வாரம் கழித்துத் திறந்து பாருங்கள். மூடிய இடம் பளிச்சென்று இருந்தால் வெயில்தான் காரணம். இடத்தை மாற்றுங்கள், அது சும்மா கிடைக்கிற தீர்வு. மாற்ற இடமில்லை என்றால் ஸ்கெட்ச் பேனாவை விட்டுவிட்டுப் போஸ்டர் கலரில் எழுதுங்கள். லேமினேஷன் போட்டால் வெளிறாது என்று நம்பிப் பணம் போடாதீர்கள். சாதாரண லேமினேஷன் தண்ணீரைத் தடுக்கும், வெயிலைத் தடுக்காது.

## ஓரம் அரித்திருக்கிறது

முதலில் எதைப் போட்டு ஒட்டினீர்கள் என்று யோசியுங்கள். மைதாப் பசை, ஜவ்வரிசிக் கஞ்சி எல்லாம் நமக்குப் பசை, பூச்சிக்குச் சோறு. தாளின் மேல்தோல் மட்டும் சுரண்டினாற்போல் இருந்தால் வெள்ளிப்பூச்சி. பசை இருந்த இடம் மட்டும் காணாமல் போயிருந்தால் கரப்பானாகவும் இருக்கலாம். சார்ட்டை இறக்கி, உதறி, சிறிது நேரம் வெயிலில் போட்டு, பின்புறச் சுவரையும் கூட்டிவிட்டு இனி வெள்ளைப் பசையில் ஒட்டுங்கள்.

புத்தகம் பைண்டிங் செய்கிறவர்கள் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள். பூச்சி வராது, உண்மைதான். ஆனால் அது விஷம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சார்ட்டைத் தடவிய விரலை அப்படியே வாயில் வைக்கும். நம் வகுப்பறைக்குள் மயில்துத்தம் வேண்டவே வேண்டாம்.

சார்ட்டுக்குப் பின்னால் சுவரில் மண்ணால் கோடு இழுத்தாற்போல் இருந்தால் கரையான். கோட்டை ஒரு விரற்கடை தூரம் உடைத்துவிட்டு இரண்டு நாள் பொறுங்கள். மறுபடி மண் பூசி அடைத்திருந்தால் உள்ளே உயிரோடு இருக்கிறது. கோடு மேலே கூரை மரத்தை நோக்கிப் போனால் அன்றைக்கே தலைமையாசிரியரிடம் சொல்லி மருந்தடிக்கிற ஆளை வரவழையுங்கள். அங்கே இனிப் பார்க்க வேண்டியது சார்ட்டை அல்ல, உத்தரத்தை.

## வினாப்பலகையில் விளக்கு எரியவில்லை

அட்டையில் ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் பதில், பின்னால் அலுமினியத் தாள் பட்டைகள், சரியான ஜோடியை இரண்டு ஒயர் முனைகளால் தொட்டால் எல்இடி எரியும் பலகை. பிள்ளைகளுக்கு இதில் அலுப்பே வராது.

எந்தக் கேள்விக்குமே எரியவில்லை என்றால், இரண்டு ஒயர் முனைகளையும் நேராக ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள். எரிந்தால் பட்டைகளில் கோளாறு. எரியாவிட்டால் பேட்டரி, இல்லையென்றால் எல்இடி தலைகீழாக மாட்டியிருக்கும். நீளக் கால் பேட்டரியின் பிளஸ் பக்கம் போக வேண்டும். 1.5 வோல்ட் பேட்டரி இரண்டைத் தொடராக வைத்தால் 3 வோல்ட். சிவப்பு எல்இடிக்கு ஏறக்குறைய 2 வோல்ட் போதும், ஒரு சின்ன மின்தடையோடு வெகுநாள் ஓடும். வெள்ளை எல்இடிக்கு ஏறக்குறைய 3 வோல்ட் வேண்டும், பேட்டரி கொஞ்சம் இறங்கினாலே மங்கிவிடும். அதனால் சிவப்பையே வையுங்கள்.

ஒரு கேள்விக்கு மட்டும் எரியவில்லை என்றால் அந்தப் பட்டை மடிப்பில் கிழிந்திருக்கும். தவறான பதிலுக்கு எரிகிறதென்றால் பின்னால் இரண்டு பட்டைகள் குறுக்கே தொட்டுக்கொள்கின்றன. ஒவ்வொரு பட்டையின் மேலும் முழு நீளத்துக்குச் செலோ டேப் ஒட்டிய பிறகே அடுத்த பட்டையை வையுங்கள். பேட்டரிக்குப் பதிலாகப் பிளக்கில் மாட்டலாமா என்று யாராவது கேட்டால், எந்த நிலையிலும் கூடாது.

## எல்லாம் நன்றாக இருக்கிறது, ஆனால் பிள்ளைகள் பார்ப்பதே இல்லை

இதைக் கோளாறாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. நான் இதைத்தான் பெரிய கோளாறு என்பேன்.

மூன்றாம் வகுப்பில் ஒருவனிடம் வாய்ப்பாட்டுச் சார்ட்டைக் காட்டி, "பார்த்துச் சொல்லு சாமி" என்றேன். கழுத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஏழாம் வாய்ப்பாடு வரைக்குந்தானுங்க தெரியுது, அக்கட்டால ஃபேன் மறைக்குதுங்க" என்றான். அவன் இடத்தில் அதே உயரத்துக்குக் குந்தி உட்கார்ந்து பார்த்தேன். மின்விசிறி இறக்கை சுற்றச் சுற்ற எட்டும் ஒன்பதும் வெட்டி வெட்டித்தான் தெரிந்தன. அந்தச் சார்ட்டை நான் நின்றபடி மாட்டியிருந்தேன், என் கண் மட்டத்துக்கு.

அதனால் முதல் சோதனை: பிள்ளை உட்காரும் இடத்தில் உட்காருங்கள். தொட்டுப் படிக்க வேண்டியது தரையிலிருந்து 3 அடிக்கும் 4 அடிக்கும் நடுவில் இருக்கட்டும். தாழ்நிலைக் கரும்பலகைக்கு மேலே உள்ள இடம் இதற்கென்றே அமைந்தது.

அடுத்து எழுத்தின் அளவு. 10 அடித் தூரத்துக்கு 1 அங்குல எழுத்து என்று பெயர்ப்பலகை எழுதுகிறவர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். தமிழில் சுழியும் கொம்பும் இருப்பதால் நான் ஒன்றரை அங்குலம் வைக்கிறேன். னகர ணகர வேறுபாட்டைக் கடைசி வரிசையிலிருந்து கேட்டுப் பாருங்கள், உடனே தெரிந்துவிடும்.

மூன்றாவது, சார்ட் எத்தனை நாளாக அங்கேயே இருக்கிறது? ஒரு மாதம் ஆனால் அது பிள்ளைகளுக்குச் சுவராகிவிடும். தினமும் கைபடும் காலநிலை அட்டவணையும் சுய வருகைப் பதிவேடும் எத்தனை வருசமானாலும் பழசாவதில்லை. மற்றவற்றை இறக்கி, பிள்ளைகளின் கையெழுத்தில் எழுத வைத்து மாட்டுங்கள். தன் எழுத்து தொங்கும் இடத்துக்கு ஒவ்வொரு பிள்ளையும் தானாகப் போகும்.

இத்தனையும் செய்த பின்னும் ஒரு பிள்ளை மட்டும் கண்ணைச் சுருக்கிப் பார்த்தால், அல்லது எழுந்து பக்கத்தில் போய்ப் படித்தால், சார்ட்டைக் குறை சொல்லாதீர்கள். பெற்றோரைக் கூப்பிட்டுக் கண் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

## சுவரில் ஒட்டிய க்யூஆர் ஸ்கேன் ஆகவில்லை

2018இல் வந்த புதிய பாடநூல்களிலிருந்தே பிள்ளைகளுக்கு இந்தக் கட்டம் பழக்கம். சார்ட்டில் ஒட்டினால் பெற்றோர் வரும் நாளில் அதை வைத்து நேராக வகுப்புத் தளத்துக்குப் போகலாம்.

போன் கட்டத்தைப் பிடிக்கவே இல்லை என்றால் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்று எடுத்துப் பாருங்கள். அப்போது பிடித்தால் லேமினேஷன் பளபளப்புதான் தடை. அடுத்து, சுற்றிலும் வெள்ளை ஓரம் இருக்கிறதா? அழகுக்காகக் கட்டத்தை ஒட்டினாற்போல் வெட்டிவிடுகிறோம், அந்த வெள்ளை இல்லாமல் அது படிக்காது. கறுப்புத் தாளில் வெள்ளைக் கட்டமாக அச்சிட்டிருந்தாலும் சில போன்கள் திணறும். அளவுக்கு, நிற்கும் தூரத்தில் பத்தில் ஒரு பங்கு வைத்துக்கொள்ளுங்கள். 5 அடி தள்ளி நின்று எடுப்பதென்றால் அரையடிக் கட்டம்.

பிடிக்கிறது, ஆனால் ஏதோ விளம்பரப் பக்கம் வருகிறது என்றால், கட்டம் செய்து கொடுத்த இலவசத் தளத்தின் கெடு முடிந்திருக்கும். சில தளங்கள் தங்கள் முகவரி வழியாகச் சுற்றிவிட்டு, சில வாரம் கழித்துப் பணம் கேட்கும். உங்கள் தளத்தின் முகவரியே நேராகப் பதிந்த கட்டத்தைப் புதிதாகச் செய்து ஒட்டுங்கள். அது காலாவதி ஆகாது.

## தளத்தில் தமிழ் சிதைந்து தெரிகிறது

### ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வருகிறது

"தமிழ்" என்று அடித்த இடத்தில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று வந்தால் அது பாமினி எழுத்துருவில் அடித்தது. அலுவலகத்தில் வானவில் அவ்வையாரில் அடித்த சுற்றறிக்கையைத் தளத்தில் போட்டாலும் இதே மாதிரிதான் சிதையும். அந்த எழுத்துரு உங்கள் கணினியில் இருப்பதால் உங்களுக்குச் சரியாகத் தெரிந்திருக்கும், அம்மாக்களின் போனில் அது இல்லை. 2010 ஜூனில் கோவையில் செம்மொழி மாநாடு நடந்தபோதே தமிழக அரசு ஒருங்குறியை (யூனிகோடை) தரமாக அறிவித்துவிட்டது, ஆனாலும் பழைய கோப்புகள் இன்னும் நம் கையில்தான் இருக்கின்றன.

எழுத்துரு மாற்றியில் போட்டு ஒருங்குறியாக மாற்றுங்கள், செலவில்லை. நடுநடுவே ஆங்கிலச் சொற்கள் இருந்தால் அவற்றை முதலில் வெட்டி எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் அவையும் தமிழாகி உளறும். இனி அடிப்பதை முதலிலிருந்தே ஒருங்குறியில், தமிழ்99 விசைப்பலகையிலோ போனில் பேசியோ அடியுங்கள்.

### கொம்பு தனியே முன்னால் நிற்கிறது

"கொடி" என்பது "ெகாடி" என்று வந்தால் பிடிஎஃபிலிருந்து நகலெடுத்தது. இதற்குக் குறுக்குவழி கிடையாது. சின்னப் பத்தி என்றால் திரும்ப அடித்துவிடுங்கள், நீளமென்றால் அந்தப் பக்கத்தைப் படமாகப் போடுங்கள்.

## பெற்றோர் போனில் "அனுமதி வேண்டும்" என்கிறது

கூகுள் சைட்ஸில் செய்கிறவர்களுக்கு அடிக்கடி வருவது இதுதான். உங்கள் போனில் திறப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள், அது உங்கள் கணக்கில் உள்ளே நுழைந்திருக்கிறது. இன்காக்னிட்டோவில், அதாவது எந்தக் கணக்கிலும் நுழையாத தனிச் சாளரத்தில் திறந்து பாருங்கள்.

தளமே திறக்கவில்லை என்றால் வெளியிட்ட தளத்தை யார் பார்க்கலாம் என்ற அமைப்பை எல்லாருக்கும் என்று மாற்றுங்கள். தளம் திறந்து, உள்ளே இருக்கும் பிடிஎஃபோ காணொளியோ மட்டும் திறக்கவில்லை என்றால், டிரைவில் அந்தக் கோப்பின் பகிர்வைத் தனியாக "இணைப்பு உள்ள எவரும்" என்று மாற்ற வேண்டும். தளத்துக்குக் கொடுத்த அனுமதி கோப்புக்குத் தானாகப் போகாது. அந்தத் தேர்வே மங்கலாக இருந்தால் அது நிறுவனக் கணக்கு, வெளியே பகிர்வதை நிர்வாகி பூட்டி வைத்திருக்கிறார். அவரிடம்தான் கேட்க வேண்டும்.

மாற்றி எழுதியது தெரியவே இல்லை என்றால் பெரும்பாலும் "வெளியிடு" பொத்தானை அழுத்த மறந்திருப்போம்.

## படங்கள் சுற்றிக்கொண்டே இருக்கின்றன

பனியன் கம்பெனியிலிருந்து ராத்திரி எட்டு மணிக்கு வந்து, சோறாக்கும்போதே ஒரு கையில் போனைப் பிடித்துப் பார்க்கிற அம்மாவுக்கு அது சித்த நேரத்தில் திறக்க வேண்டும். போனில் எடுத்த படம் ஒவ்வொன்றும் 4, 5 எம்பி இருக்கும். ஆண்டு விழாப் படம் முப்பதை அப்படியே ஏற்றினால் யார் போனிலும் திறக்காது.

செலவில்லாத வழி: படங்களை வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பி, அதில் வந்ததைச் சேமித்து ஏற்றுங்கள். சில நூறு கேபியாகச் சுருங்கிவிடும். ஆவணமாக அனுப்பினால் சுருங்காது, படமாகவே அனுப்புங்கள். பிறகும் மெதுவென்றால் ஒரு பக்கத்தில் பத்துப் படத்துக்கு மேல் வைக்காமல் பிரியுங்கள். காணொளியை யூடியூபில் ஏற்றி இணைப்பு மட்டும் கொடுங்கள். புதிதாக எதையும் ஏற்றவே முடியவில்லை என்றால் கணக்கின் 15 ஜிபி நிறைந்திருக்கும். ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்துத்தான் அந்த அளவு.

## "பாதுகாப்பற்ற தளம்" என்று மிரட்டுகிறது

ஒரே ஒரு கணினியில் மட்டும் வருகிறதா? கீழ் மூலையில் தேதியைப் பாருங்கள். எங்கள் பள்ளிக் கணினி கரண்ட் போய் வரும்போதெல்லாம் பழைய வருசத்துக்குப் போய்விடும், எந்தத் தளத்தையும் நம்பாது. தேதியைச் சரிசெய்ததும் திறக்கும். தினமும் இதே வேலையாக இருந்தால் உள்ளே இருக்கும் சிஆர் 2032 பட்டன் பேட்டரியை மாற்ற வேண்டும். அது சின்னச் செலவு, ஆனால் பெட்டியைத் திறந்து பழக்கமில்லாதவர்கள் சர்வீஸ் செய்கிறவரிடமே கொடுங்கள்.

எல்லாருடைய போனிலும் வருகிறது, சொந்தமாகப் பணம் கட்டி வாங்கிய முகவரி என்றால், பாதுகாப்புச் சான்றிதழோ முகவரியின் ஆண்டுக் கெடுவோ முடிந்திருக்கிறது. முகவரியை உடனே புதுப்பியுங்கள், தாமதித்தால் கூடுதல் கட்டணம் ஏறும், பிறகு வேறு யாராவது வாங்கிக்கொள்வார்கள். தளத்துக்குள் நீங்கள் எழுதாத பக்கங்களும் சூதாட்ட விளம்பரங்களும் தெரிந்தால் யாரோ உள்ளே புகுந்திருக்கிறார்கள். கடவுச்சொல்லை மாற்றுங்கள், பெற்றோர் குழுவில் "இப்போதைக்குத் திறக்க வேண்டாம்" என்று போடுங்கள், தளம் அமைக்கத் தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள்.

## "எம் பொண்ணு படத்தை எடுத்துடுங்க டீச்சர்"

ஏன் என்று கேட்காதீர்கள். அன்றைக்கே எடுத்துவிடுங்கள். தளத்திலிருந்து எடுத்தால் மட்டும் போதாது, டிரைவிலும் போட்டோஸிலும் பகிர்ந்த தொகுப்பிலும் இருக்கும். 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்டவர்களின் விவரத்துக்குப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. அந்தச் சட்டத்துக்கு முன்பே நாம் கேட்டிருக்க வேண்டும். இப்போது ஜூனில் ஒரு தாளில் கையெழுத்து வாங்கிவிடுகிறேன். முகம் தெரியும் படத்தோடு பெயரைச் சேர்த்துப் போடுவதில்லை. பெரும்பாலும் படைப்பைப் பிடித்திருக்கும் கைகளை மட்டும் எடுக்கிறோம், மருதாணி வைத்த கை, மை படிந்த கை. தன் கையைப் பிள்ளை சரியாகக் கண்டுபிடித்துவிடும்.

## தளத்தையே காணோம்

கூகுள் சைட்ஸ் தளம் டிரைவில் ஒரு கோப்பாகத்தான் இருக்கும். இடம் போதவில்லை என்று யாராவது அழித்திருக்கலாம். குப்பைத்தொட்டியில் 30 நாள் இருக்கும், அதற்குள் மீட்டுவிடலாம்.

அங்கேயும் இல்லை என்றால் அது யார் கணக்கில் இருந்தது என்று கேளுங்கள். மாறுதல் கலந்தாய்வில் வேறு ஊர் போன டீச்சரின் சொந்தக் கணக்காக இருக்கும். இரண்டு வருசம் நுழையாமல் கிடக்கும் கணக்கைக் கூகுள் அழித்துவிடலாம், அதற்கு முன் அவரை எட்டிப் பிடித்து ஒரு முறை நுழையச் சொல்லுங்கள். உங்களைத் திருத்துபவராகச் சேர்க்கச் சொல்லி, பக்கம் பக்கமாக நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தளம் இப்போது வகுப்புக்கென்று தனியாகத் தொடங்கிய கணக்கில் இருக்கிறது. மீட்பு எண்ணாகத் தலைமையாசிரியரின் எண். கடவுச்சொல் எழுதிய தாள் உறையில் போட்டு, பீரோவில் சேர்க்கைப் பதிவேட்டுக்குக் கீழே.